சோப்புக் கம்பெனியின் பொறுப்பாளர்

ஆமாம், இந்தத் தாளில் இருப்பது என் கையெழுத்துதான். முதல் எழுத்தின் வாலைப் பெயரின் கடைசிவரைக்கும் இழுத்து அடிக்கோடு போட்டிருக்கிறது பாருங்கள், சைகோனில் வேறு யாரும் அப்படிப் போட மாட்டார்கள். அதற்குக் கீழே இருப்பது உங்கள் வாப்பாவுடையது. அ. வதூது. தமிழில் போட்டிருக்கிறார். தமிழில் போட்டால் செல்லுமா என்று அந்த லியென் கேட்டாள். செல்லும் என்று நான்தான் சொன்னேன்.

உட்காருங்கள் அம்மா. அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும். இதில் உட்காருங்கள். காரைக்காலிலிருந்து இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள், காப்பி கொடுக்கக்கூடப் பால் இல்லை. ஒரு ஆளுக்குப் பால் வாங்கினால் திரிந்துதான் போகிறது. கறுப்புக் காப்பி குடிப்பீர்களா? வேண்டாமா? சரி.

நீங்கள் கேட்டது எனக்குப் புரிந்தது. எழுபத்தொன்பதில் சைகோனிலிருந்து இந்தியாவுக்குத் திரும்புகிறவர்கள் பட்டியலில் உங்கள் வாப்பா பேர் இருந்தது. அந்தப் பட்டியலில் இருந்த மற்ற காரைக்கால்காரர்கள் வந்து சேர்ந்தார்கள். அவர் வரவில்லை. ஏழு வருஷம் கழித்து அவர் இறந்துபோனார் என்று மௌத்துச் செய்திதான் வந்தது. அங்கே ஒருத்தியைச் சேர்த்துக்கொண்டார், அதனால்தான் வரவில்லை என்று ஊரில் பேசினார்கள். உங்கள் உம்மா இருபத்திரண்டு வருஷமாக அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். அது உண்மையா, பொய்யா? அவ்வளவுதானே?

சொல்கிறேன். ஆனால் எனக்கு வரிசையாகத்தான் சொல்ல வரும். நடுவில் பிடித்து ஆரம்பித்தால் நீங்கள் என்னைத் தப்பாக எடுத்துக்கொள்வீர்கள்.

நான் அந்தக் கம்பெனியின் டைரக்டராக இருந்தவன். அதை முதலில் சொல்லிவிட வேண்டும். பிரெஞ்சுக்காரர்கள் கம்பெனி, சோலோன் பக்கம் வாய்க்கால் கரையில் தொழிற்சாலை. துணிக்கு ஒரு சோப்பு, குளிக்க ஒரு சோப்பு. ஐம்பத்தொன்றில் ஆள் வருகை எடுக்கிற வேலைக்குச் சேர்ந்தேன். அப்புறம் ஆபீசில் பேச்சு மாற்றிச் சொல்கிற வேலையும் என்னிடமே வந்தது. முதலாளி பிரெஞ்சில் பேசுவார், நான் வியட்நாம் பாஷையில் சொல்வேன். தொழிலாளி திட்டுவான், நான் அதைக் கொஞ்சம் கழுவி பிரெஞ்சில் சொல்வேன். இரண்டு பக்கமும் என்னை நம்பினார்கள். அது சாதாரணமாகக் கிடைக்கிற பேர் இல்லை.

முதலில் கிளம்பியது ஆள் இல்லை, மிஷின். எழுபத்தைந்து ஜனவரியிலேயே கம்பெனிகள் புறப்பட ஆரம்பித்துவிட்டன. எங்கள் தெருவில் பேட்டரி செய்கிறவர்கள் போனார்கள், டயர் செய்கிறவர்கள் போனார்கள். ஒரு பெரிய லாரி வந்து நின்றால் போதும், காப்பிக் கடையில் உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்து வந்து இன்றைக்கு யார் என்று பார்ப்பார்கள். எல்லாம் சிங்கப்பூருக்கோ பாங்காக்குக்கோ போயிற்று. கம்யூனிஸ்டுகள் வருவதற்குள் எதைக் கழற்ற முடியுமோ அதைக் கழற்று என்பதுதான் பேச்சு. எங்களிடம் சோப்பு காய்ச்சுகிற கொப்பரைகள் தரையோடு சேர்த்துக் கட்டியவை, எடுக்க முடியாது. முத்திரை குத்துகிற மிஷினை எடுத்தார்கள். மார்சேயிலிருந்து வந்த மிஷின். நிமிஷத்துக்கு அறுபது கட்டி. அதைப் பெட்டிக்குள் வைத்து ஆணி அடிக்கும்போது நான்தான் பக்கத்தில் நின்றேன். துறைமுகத்தில் தடுக்காமல் இருக்கப் பெட்டியின் மேல் ‘பழுது பார்க்க’ என்று எழுதச் சொன்னார் எங்கள் மேனேஜர் முசியே தெல்பியேர். நான் பெரிய எழுத்தில் எழுதினேன். பழுது ஒன்றும் கிடையாது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த மிஷின்.

அது நின்ற இடத்தில் தரையில் நாலு போல்ட்டு மட்டும் நீட்டிக்கொண்டு நின்றது. யாராவது தடுக்கி விழுந்துகொண்டே இருந்தார்கள்.

ஏப்ரல் முடிவில் அவர்கள் வந்துவிட்டார்கள். நீங்கள் நினைக்கிற மாதிரி எங்களிடம் யாரும் துப்பாக்கி நீட்டவில்லை. மறுவாரம் இரண்டு பேர் வந்தார்கள், மரியாதையாகப் பேசினார்கள். கம்பெனியை மூடக்கூடாது, ஆளை நிறுத்தக்கூடாது, வேலை நடக்க வேண்டும். அவ்வளவுதான். எப்படி நடக்கும்? காஸ்டிக் சோடா கப்பலில் வர வேண்டும், கப்பல் வராது. நூற்றுப்பத்துப் பேர் காலையில் வருவார்கள். மணி அடித்ததும் உள்ளே போய் உட்காருவார்கள். மாலையில் மணி அடித்ததும் வீட்டுக்குப் போவார்கள். நான் வருகை எடுத்துக்கொண்டுதான் இருந்தேன். ஒரு நாள் விட்டதில்லை.

லியென் என்று சொன்னேனே, அவள் சோப்புக்குக் காகிதம் சுற்றுகிற பகுதியில் இருந்தவள். தாமதமாக வருகிறாள் என்று நானே பத்துத் தடவை அவளைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அவளைத் தொழிற்சாலைக் குழுவுக்குச் செயலாளர் ஆக்கினார்கள். முதல் நாள் மேனேஜர் அறைக்கு வந்து, நாற்காலியைப் பார்த்துவிட்டு, உட்காராமல் மேஜை ஓரத்தில் சாய்ந்து நின்றாள். “முசே சவரிராயன், இன்னிக்கு நான் நேரத்தோட வந்துட்டேனா?” என்று கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என்ன செய்வது?

முசியே தெல்பியேருக்கு ஊருக்குப் போக வேண்டும். விடமாட்டோம் என்று அவர்கள் சொல்லவில்லை. ஒரே ஒரு விதிதான். கம்பெனிக்குப் பொறுப்பாளர் என்று ஒருவர் எப்போதும் இருக்க வேண்டும். கம்பெனிச் சொத்துப் பட்டியலில் இருக்கிற மிஷின் ஒன்று இல்லை, அதற்குப் பதில் சொல்ல ஆள் வேண்டும். ஒரு பொறுப்பாளர் கையெழுத்துப் போட்டு உள்ளே வந்தால்தான் இன்னொரு பொறுப்பாளர் வெளியே போகலாம். சைகோனில் அப்போது எல்லா வெளிநாட்டுக் கம்பெனியிலும் இதே கதை. வெள்ளைக்காரர்கள் கிளப்பில் உட்கார்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மறுவருஷம் ஜனவரியில் ஒரு நாள் மத்தியானம் என்னைக் கூப்பிட்டார். “உட்காருங்கள் முசியே சவரிராயன்” என்றார். இருபத்தைந்து வருஷத்தில் அன்றைக்குத்தான் அந்த அறையில் உட்கார்ந்தேன். தன் கையாலேயே கிளாசில் ஊற்றிக் கொடுத்தார்.

“மூன்று மாதம்” என்றார். “பாரீஸ் போய் வேறு ஒருவரை அனுப்பி வைக்கிறேன். அதுவரைக்கும் இந்தக் கம்பெனியை ஒரு நம்பிக்கையான மனிதரிடம் விட்டுப் போக வேண்டும். வேறு யார் இருக்கிறார்கள், சொல்லுங்கள்.”

நான் யோசித்துப் பார்த்தேன். வேறு யாரும் இல்லைதான்.

டைரக்டர் என்று கடிதத்தில் எழுதிக் கொடுத்தார். ஒரு தமிழனுக்கு, ஒரு புதுச்சேரிக்காரனுக்கு, அந்தக் கம்பெனியில் யாரும் எழுதிக் கொடுத்ததில்லை. பேர் அட்டை அச்சடித்தேன். இருநூறு. பதினொன்று கொடுத்திருக்கிறேன்.

வீட்டில் ஞானப்பூ, என் மனைவி, அவளுக்கு இதெல்லாம் விளங்கவில்லை. எங்களுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை உண்டு. பிரான்சுக்குப் போகிற விமானத்தில் பிப்ரவரி மாதத்துக்கு எங்கள் மூன்று பேர் பெயரும் வந்துவிட்டது. நான், அவள், எங்கள் பெண் எலேன். எலேனுக்கு அப்போது பதினாலு வயது. நான் கடிதத்தைக் காட்டினேன்.

“அந்த ஆளு உங்களை அடகு வச்சிட்டுப் போறான்” என்றாள் ஞானப்பூ. “உங்களுக்குப் புரியலையா, இல்ல புரியாத மாதிரி இருக்கீங்களா?”

“டைரக்டர்னு போட்டிருக்கான், பாரு” என்றேன்.

“சோப்பே இல்லாத கம்பெனிக்கு டைரக்டர். வெளியில சொல்லாதீங்க, சிரிப்பாங்க.”

“மூணு மாசம்தான் ஞானம்.”

“அவன் பொண்டாட்டியை மூணு மாசம் இங்க உட்கார வச்சிட்டு உங்களை முதல்ல அனுப்பச் சொல்லுங்க, பாப்போம்.”

இப்படிப் பேசினால் எப்படி? படிப்பு குறைவு, அவ்வளவுதான். எலேன் பெட்டி கட்டும்போது, “பள்ளிக்கூடத்துல சேக்கும்போது அப்பா கையெழுத்துக் கேப்பாங்களே” என்றாள். அதற்குள் வந்துவிடுவேன் என்றேன்.

விமானத்தில் என் இடம் காலியாகிவிட்டது, இல்லையா? அதில்தான் முசியே தெல்பியேர் போனார். ஞானப்பூ பக்கத்து இருக்கை. பாரீஸ் போய்ச் சேரும்வரைக்கும் அவள் அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லையாம். அவர் தண்ணீர் வாங்கிக் கொடுத்தாராம், அதை வாங்கிக் கீழே வைத்துவிட்டாளாம். எலேன்தான் பிற்பாடு சொன்னாள். எனக்கு அவமானமாக இருந்தது. அவர் என்ன நினைத்திருப்பார்?

மூன்று மாதம் ஆயிற்று. ஆறு மாதம் ஆயிற்று. பாரீசுக்கு எழுதினேன், பாங்காக்குக்கு எழுதினேன். தபால் ஒழுங்காக இல்லாத காலம். நானும் அதைத்தான் லியெனிடம் சொல்வேன். வாரத்துக்கு ஒரு தடவை என்னை அந்த நாலு போல்ட்டுப் பக்கம் கூட்டிப் போவாள்.

“இங்க என்ன இருந்தது?”

“முத்திரை மிஷின்.”

“எங்க போச்சு?”

“பழுது பார்க்க.”

“பழுது முடிஞ்சிதா?”

“இன்னும் தகவல் வரவில்லை.”

அதை எழுதிக்கொள்வாள். நான் கையெழுத்துப் போடுவேன். அவள் கத்தியதில்லை. ஒரு தடவை எனக்குக் கோபம் வந்து, என்னை எதற்குப் பிடித்து வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டேன். “யாரும் பிடிச்சு வைக்கல. நீங்களாத்தான் கையெழுத்துப் போட்டீங்க” என்றாள். அதில் தப்புச் சொல்ல முடியாது.

அப்புறம் ஆட்கள் குறைந்துபோனார்கள். சிலரைக் காடு வெட்டிப் பயிர் செய்யப் புது நிலத்துக்கு அனுப்பினார்கள், சிலர் படகில் தப்பிப் போனார்கள் என்று கேள்வி. சாம்பலைக் கரைத்து ஏதோ ஒரு சோப்பு காய்ச்சினார்கள், அது கையைப் புண்ணாக்கியது. நான் காலையில் மேனேஜர் அறையைத் திறப்பேன், மேஜையைத் துடைப்பேன், உட்காருவேன். டெலிபோன் இருந்தது. அது மூன்று வருஷத்தில் ஒரு தடவை அடித்தது. வேறு யாருக்கோ வந்தது.

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போவேன். அங்கே தமிழ்ப் பூசை நின்று போய்விட்டது. வீட்டில் ஒரு நாள் ஏதோ கீழே விழுந்தது, ‘அட’ என்றேன். என் குரலா என்று திரும்பிப் பார்த்தேன். தமிழில் ஒரு வார்த்தை சொல்லி எட்டு மாதம் ஆகியிருந்தது.

அப்போதுதான் உங்கள் வாப்பா வந்தார். எழுபத்தெட்டு நடுவில். துணிக்கடைகளை எல்லாம் அரசாங்கம் எடுத்துக்கொண்ட வருஷம். அவர் வேலை பார்த்த கடையின் முதலாளி முன்னாலேயே சிங்கப்பூர் போய்விட்டார், சாவி மட்டும் இவரிடம் இருந்தது. கடைசியில் சாவியையும் வாங்கிக்கொண்டார்கள். பள்ளிவாசல் பின்னறையில் தங்கியிருந்தார். பாய் விரிப்பெல்லாம் கழுவ சோப்பு வேண்டும் என்று என் தொழிற்சாலை வாசலில் வந்து நின்றார்.

“சோப்புக் கம்பெனியில சோப்பு இல்லையா முசே?” என்று தமிழில் கேட்டார். எப்படிக் கண்டுபிடித்தாரோ.

“துணிக்கடையில துணி இருக்கா பாய்?”

“துணி என்ன, கடையே இல்லை!”

இரண்டு பேரும் வாசலிலேயே நின்று சிரித்தோம். காவலாள் பயந்துபோய்ப் பார்த்தான். அப்படிச் சிரித்தே ரொம்ப நாள் ஆகியிருந்தது.

அதற்குப் பிறகு தினமும் வந்தார். மத்தியானம் லுகர் தொழுதுவிட்டு நேராக வருவார். கொப்பரைக்குப் பின்னால் ஒரு அடுப்பு வைத்து மீன் குழம்பு ஆக்குவார், அவர் பேச்சில் ஆணம். புளி அந்த ஊரில் கிடைக்கும், மிளகாய்த்தூளுக்குத்தான் திண்டாட்டம். ருசி பார்த்துவிட்டு, “எங்க ஊட்டு ஆணம் மாதிரி இல்லை, இருந்தாலும் கோவிச்சுக்காம சாப்பிடுங்க” என்பார். என்னை ஒரு நாள்கூட டைரக்டர் என்று அவர் கேலி செய்ததில்லை. மற்றவர்கள் செய்வார்கள்.

உங்களைப் பற்றித்தான் பேச்சு. ஜுலைகா, ஜுலைகா. நீங்கள் ஓட்டப் பந்தயத்தில் விழுந்து முன்பல் உடைந்ததை எழுதியிருந்தீர்களாம். அதை என்னிடம் நாலு தடவை படித்துக் காட்டினார். ‘விழுந்தாலும் மூன்றாவதாக வந்தேன்’ என்று எழுதியிருந்தீர்கள். அந்த இடம் வரும்போது நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்ப்பார். நான் சிரிக்க வேண்டும். சிரித்தால்தான் மேலே படிப்பார்.

ஒருத்தியா? யார் ஒருத்தி? பள்ளிவாசல் பின்னறையில் ஆறு பேரோடு படுத்திருந்த மனிதர். பகலில் என்னோடு இருப்பார், மாலையில் அங்கே போவார். அவர் சட்டையை அவரே துவைத்துக்கொள்வார், அதுவும் எங்கள் சாம்பல் சோப்பில். இதை நான் சத்தியம் செய்து சொல்லலாம். இருங்கள், இன்னும் முடியவில்லை. வரிசையாகச் சொல்கிறேன் என்றேனே.

எழுபத்தொன்பது ஆகஸ்டில் ஞானப்பூவிடமிருந்து கடிதம். இரண்டே வரி. ‘வருவதானால் இந்த வருஷம் வாருங்கள். இல்லாவிட்டால் வர வேண்டாம்.’ எலேன் ஒன்றும் எழுதவில்லை. கடிதத்தைப் பாய் படித்தார், நான்தான் கொடுத்தேன். “போங்க முசே. இது பொம்பளை கோவத்துல எழுதுனது இல்லை. கோவம் தீந்து போயி எழுதுனது” என்றார்.

லியெனிடம் போனேன். அவள் பழைய விதியைச் சொன்னாள். நான் போகலாம், பொறுப்பாளர் ஒருவர் வர வேண்டும். அந்த ஊர்க்காரர்கள் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். வெளிநாட்டுக் கம்பெனிக்குப் பொறுப்பு என்றால் முதலாளி வர்க்கம் என்று பேர் விழுந்துவிடும், பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் கிடைக்காது. மூன்று பேரைக் கேட்டேன். ஒருவன் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டான்.

அப்புறம் யார் இருக்கிறார்கள், சொல்லுங்கள்.

ஒரு மத்தியானம் அவரை மேலே அறைக்குக் கூப்பிட்டேன். என் நாற்காலியில் உட்காரச் சொன்னேன். அவர் உட்கார மாட்டேன் என்றார். கையைப் பிடித்து உட்கார வைத்தேன்.

“பாய், ஒரு மாசம். நான் பாரீஸ் போனதும் தலைமை ஆபீசுக்கு நேரில் போய் ஒரு பிரெஞ்சுக்காரரை அனுப்பச் சொல்றேன். நேரில் போனால்தான் நடக்கும். அதுவரைக்கும் நம்பிக்கையான ஒருத்தர் வேணும்.”

“எனக்கு அடுத்த மாசம் லிஸ்ட்டுல பேரு வருதே முசே.”

“அதுக்குள்ள ஆள் வந்துடும். வரலைன்னா அடுத்த லிஸ்ட். அடிக்கடி வருதே.”

“மிஷினைப் பத்திக் கேப்பாங்களே, நான் அதைப் பாத்ததுகூட இல்லையே.”

அது நியாயமான கேள்வி. நான் ஒரு காகிதத்தை எடுத்து மிஷினைப் படம் வரைந்து காட்டினேன். இது சக்கரம், இது அச்சு, கட்டி இந்தப் பக்கம் வரும், முத்திரையோடு அந்தப் பக்கம் போகும். அவர் துணிக்கடைக்காரர் இல்லையா, விரலால் அளந்து பார்த்தார். எவ்வளவு உயரம் என்று கேட்டார். ஆள் உயரம் என்றேன். இரண்டு நாளில் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்துவிட்டார். நான் லியென் மாதிரி கேட்பேன், அவர் பதில் சொல்வார். நடுவில் சிரித்துவிடுவார்.

கடைசியில் என்ன சொன்னார் தெரியுமா? “நீங்க உங்க மவளைப் பாத்து மூணரை வருசம் ஆச்சு. நான் பாத்து ஏழு வருசம் ஆச்சு. ஏழு வருசத்தோட ஒரு மாசம் சேந்தா என்ன கெட்டுப்போவுது?” அவராகத்தான் சொன்னார். நான் சொல்ல வைக்கவில்லை.

கையெழுத்துப் போடுகிற அன்று லியென் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவருக்குத் துணி விற்கிற அளவுக்கு வியட்நாம் பாஷை வரும். கெஜம், நிறம், சாயம் போகாது, இவ்வளவுதான். ஆபீஸ் பாஷை வராது. அவள் என்னைப் பார்த்து, “மிஷின் விவகாரம் தீர்கிறவரைக்கும் இவர் ஊரை விட்டுப் போக முடியாது. இது இவருக்குத் தெரியுமா, கேளுங்கள்” என்றாள்.

நான் பாயிடம், “ஒரு மாசத்துக்குச் சம்மதமான்னு கேக்கறாங்க” என்றேன்.

அவர் தலையாட்டினார்.

என்ன அப்படிப் பார்க்கிறீர்கள்? மாற்றிச் சொல்கிறவன் வார்த்தைக்கு வார்த்தை சொன்னால் கேட்கிறவருக்குப் புரியாது. விவகாரம் எப்போது தீரும்? ஆள் வந்தால் தீரும். ஆள் எப்போது வருவார்? ஒரு மாதத்தில். அதனால் ஒரு மாதம் என்றேன். என் வேலையே அதுதான். இருபத்தைந்து வருஷம் அப்படித்தான் செய்தேன், ஒருவரும் குறை சொன்னதில்லை. லியென் மட்டும் மறுபடி கேட்டாள். “நிச்சயமாகத் தெரியுமா?” தெரியும் என்றேன். எழுதிக்கொண்டாள். நீங்கள் கொண்டுவந்திருக்கிற தாள் அதுதான். அவர் தமிழில் கையெழுத்துப் போட்டார். செல்லும் என்றேன்.

இன்னொன்று. வீட்டுக்கு ஏன் அவர் காரணம் எழுதவில்லை என்று கேட்டீர்களே, அது நான் சொன்னதுதான். கடிதத்தையெல்லாம் பிரித்துப் படிக்கிற காலம். மிஷின், பொறுப்பாளர் என்று ஒரு வார்த்தை இருந்தால் விவகாரம் பெரிதாகிவிடும். கொஞ்சம் வேலை இருக்கிறது, முடித்துவிட்டு வருகிறேன் என்று மட்டும் எழுதுங்கள் பாய் என்றேன். அவருடைய நன்மைக்குத்தான் சொன்னேன். அப்படியே எழுதினாரா? கடைசிவரைக்குமா? ஏழு வருஷமும் அதே வரியா?

சொன்னால் சொன்னபடி நடக்கிற மனிதர்.

பாரீஸில் தலைமை ஆபீசுக்குப் போனேன். போகவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. கோட்டு இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு போனேன். பேர் அட்டையைக் கொடுத்தேன். முன்னால் உட்கார்ந்திருந்த பெண் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். உள்ளே போய் ஒரு தடித்த புத்தகத்தோடு வந்தாள். “சைகோன் கிளையா? எழுபத்தாறு மார்ச்சிலேயே மூடிவிட்டோமே, முசியே” என்றாள். நான் அங்கே டைரக்டராக இருந்த மூன்று வருஷமும் அவர்கள் புத்தகத்தில் அப்படி ஒரு கிளை இல்லை. பெரிய கம்பெனிகளில் அப்படித்தான், ஒரு பிரிவில் செய்வது இன்னொரு பிரிவுக்குத் தெரியாது. முசியே தெல்பியேர் ஓய்வு பெற்றுத் தெற்கே எங்கேயோ போய்விட்டாராம். முகவரி தர முடியாது என்றாள். மிஷின் பாங்காக்கில் நன்றாக ஓடுகிறதாம். அதை மட்டும் சந்தோஷமாகச் சொன்னாள்.

கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். அப்புறம் இன்னொரு கடிதம் எழுதினேன். வேறு என்ன செய்ய முடியும்?

வீட்டில் ஞானப்பூ எனக்கு ஹாலில் ஒரு கட்டில் போட்டிருந்தாள். இரண்டு அறைதான். ஒன்று அவளுக்கு, ஒன்று எலேனுக்கு. எலேன் என்னோடு பிரெஞ்சில் பேசினாள், மரியாதையாக. நாலு வருஷம் இருந்தேன். குளிர் ஒத்துக்கொள்ளவில்லை, இங்கே புதுச்சேரிக்கே வந்துவிட்டேன். ஞானப்பூ போன வருஷம் இறந்துபோனாள். எலேன் புது வருஷத்துக்கு அட்டை அனுப்புவாள். இந்த வருஷம் இன்னும் வரவில்லை, தபால் தாமதம்.

பாய் எழுதினார். ஐந்து கடிதம். முதலில், ஒரு மாதம் ஆகிவிட்டது, ஆள் எப்போது வருகிறார் என்று. இரண்டாவதில், மிஷின் என்ன நிறம் என்று கேட்கிறார்கள், நீங்கள் சொல்லிக் கொடுக்கவில்லையே என்று. பச்சை என்று அன்றைக்கே எழுதிப் போட்டேன். அன்றைக்கே. மூன்றாவதில் பட்டியல் போய்விட்டது, எல்லாரையும் ஏற்றிவிட்டு வந்தேன் என்று எழுதியிருந்தார். மற்ற இரண்டிலும் ஒன்றும் கேட்கவில்லை. நலமா, மகள் நலமா என்றுதான். ஒன்றும் கேட்காத கடிதத்துக்கு என்ன பதில் எழுதுவது? எழுதலாம் எழுதலாம் என்று நாள் போயிற்று. அப்புறம் வரவில்லை.

இப்போது உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது, இல்லையா? ஒருத்தியும் இல்லை. எவளும் இல்லை. பட்டியலில் பேர் இருந்தது, வருவதாகத்தான் இருந்தார். ஒரு நண்பருக்கு ஒரு மாதம் உதவி செய்தார். ஊர் பேசியது பொய். உங்கள் உம்மாவிடம் தைரியமாகச் சொல்லலாம்.

என்ன? இங்கேயா? கூட்டிக்கொண்டா வந்திருக்கிறீர்கள்?

கீழே அந்த ஆட்டோவிலா? இருங்கள், ஜன்னலைத் திறக்கிறேன்... வெள்ளைத் துப்பட்டி தெரிகிறது. இவ்வளவு நேரமும் வெயிலில் உட்கார்ந்திருக்கிறாரே, சொல்லக்கூடாதா? முழங்கால் வலி, படி ஏற முடியாதா? அது சரி, இது செங்குத்தான படி.

அப்படியானால் நீங்கள் போய்ச் சொல்லிவிடுங்கள் அம்மா. எனக்குப் பதிலாக நீங்களே சொல்லிவிடுங்கள். இப்போது எல்லாம் உங்களுக்குத் தெரியுமே. நான் சொல்வதைவிட மகள் சொன்னால் நன்றாக இருக்கும், அவருக்கும் நம்பிக்கையாக இருக்கும். எப்படிச் சொல்வது என்று வேண்டுமானால் நான் சொல்லித் தருகிறேன். முதலில் பட்டியலில் பேர் இருந்ததைச் சொல்லுங்கள். அப்புறம்...

அம்மா? எழுந்திருங்கள். அவர் காத்துக்கொண்டிருக்கிறார்.

ஏன் உட்கார்ந்தே இருக்கிறீர்கள்?

நானா? நான் போய் என்ன சொல்வேன். அவர் என்னைப் பார்த்ததுகூட இல்லையே. அந்த ஒரு மாதத்தைப் பற்றிக் கேட்டால்? அவர் கேட்பார், இல்லையா. லியென் என்ன கேட்டாள், நான் என்ன சொன்னேன் என்று. உங்களைப் போலவே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

சரி. சரி அம்மா. கதவுக்குப் பின்னால் சட்டை தொங்குகிறது, அதை எடுத்துக் கொடுங்கள். நீங்கள் வர வேண்டாம், நான் பிடித்துக்கொண்டு இறங்கிவிடுவேன். அந்த வண்டிக்குக் கூரை தாழ்வாக இருக்கிறது. நின்றுகொண்டு பேச முடியாது. குனிந்துதான் சொல்ல வேண்டும்.